கடலூரில் ஒரு பிரெஞ்சு மன்னிப்பு

கடலூருக்கு நான் போனது மன்னிப்புக் கேட்க. என்னுடைய மன்னிப்பு இல்லை. எத்தியேன் பலூஷ் என்ற பிரெஞ்சு நகைச்சுவை நடிகருடையது. அவர் பிரெஞ்சில் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் என்னைப் பாரிஸிலிருந்து கூடவே அழைத்து வந்திருந்தார்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகிப் பாரிஸுக்குப் போய், அங்கே பிறந்த மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. வயிற்றுவலியையும் விவாகரத்தையும் எவ்வளவோ மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு வசதி உண்டு. வலி வலிதான். பலூஷிடம் எது நிஜம், எது நடிப்பு என்பது அவருடன் இருந்த அத்தனை நேரமும் எனக்குப் பிடிபடவில்லை.

பலூஷ் வடக்குப் பிரான்சில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்து, பாதிரியாரின் குரலிலேயே பாவமன்னிப்பு வழங்கியதற்காக விரட்டப்பட்டார். பாரிஸுக்கு வந்து மதுக்கூடங்களில் மந்திரிகளைப் போல் பேசிக் காட்டினார். வானொலி அவரை இரண்டு தடவை வேலைக்கு வைத்து இரண்டு தடவையும் துரத்தியது. உயிரோடு இருக்கும் தலைவர்களுக்குத் தொலைக்காட்சியில் இரங்கல் உரை வாசித்தார். சிரிப்புப் போலீஸ்காரராகப் பல படங்கள். ஒரே ஒரு சோகப் படத்தில் நடித்து, அதற்குப் பெரிய விருது வாங்கி, அந்த விருதை விழா மண்டபத்தின் கழிப்பறையில் வைத்துவிட்டு வந்தார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று இன்றும் பேசுகிறார்கள்.

ஆனால் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 'மொசியே ரோஸ்-ரோஸ்', அதாவது 'ரோஜா ஐயா' என்ற நாடகத்துண்டு. பாரிஸ் உணவகங்களில் மேசை மேசையாகப் போய் ரோஜா விற்கும் நம் ஆட்களில் ஒருவனை அவர் மேடையில் செய்து காட்டினார். முகத்தில் மை, தலையில் ஓயாத ஆட்டம், வாயில் "ரோஸ், ரோஸ், மொசியே". பிரான்சே உருண்டு சிரித்தது. பிரெஞ்சு புரியாத புதிதில் நானும் சிரித்திருக்கிறேன். பிறகு என் மகன் ஆரம்பப் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, என்னை ஏன் ரோஸ்-ரோஸ்னு கூப்பிடறாங்க?" என்று கேட்ட நாளில் சிரிப்பு நின்றது.

இப்போது அந்தப் பழைய நாடகத்துண்டை இளைஞர்கள் தோண்டி எடுத்துத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பலூஷின் கடைசி மேடை நிகழ்ச்சி நின்றுபோனது. தயாரிப்பாளர் ஒரு யோசனை சொன்னார்: அந்த நிஜ ரோஜாக்காரரைக் கண்டுபிடித்து, "எனக்கு வருத்தமில்லை" என்று அவர் வாயால் சொல்லவைத்து, ஒரு வீடியோ எடுத்து வா. விமானத்தில் பலூஷ் என்னிடம், "வீடியோ தயாரிப்பாளருக்கு. மன்னிப்பு எனக்கு," என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிடம் விமானப் பணிப்பெண்ணைப் போலவே நடந்து காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கையில் இருந்த துப்பு இரண்டுதான். பலூஷ் வழக்கமாகச் சாப்பிட்ட உணவகத்தின் சுவரில் இருந்த ஒரு மங்கிய போட்டோ. அதில் ரோஜாக்காரரின் பாதி முகம். அப்புறம் அந்த ரோஜாக்காரர் எப்போதோ பலூஷிடம் சொன்ன ஊர்ப் பெயர்: "கூதலூர்". பிரெஞ்சுக்காரர்கள் கடலூரை முன்பு அப்படித்தான் எழுதினார்கள்.

முதல் நாள் காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சர்வர் வந்து இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். பலூஷ் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு அதே வேகத்தில், அதே இழுப்பில், கடைசியில் "வேற?" என்பது போன்ற அதே தூக்கலுடன் திருப்பிச் சொன்னார். ஒரு வார்த்தைகூடச் சரியில்லை. ஆனால் கண்ணை மூடினால் சர்வரேதான். சர்வர் விழுந்து விழுந்து சிரித்தார், உள்ளே போய் மாஸ்டரையும் கூட்டிவந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க மேடம். இவரு உங்க வூட்டுக்காரரா?"

"இல்லைங்க. வேலை விஷயமா வந்திருக்கோம்."

"இன்னா வேல?"

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "ஆள் தேடறோம்," என்றேன். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தால் எங்களைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார் போலிருந்தது. பொங்கல் மட்டும் நிறைய நெய்யோடு வந்தது. பலூஷ் அதைக் கஞ்சி என்று நினைத்துச் சர்க்கரை கேட்டார். சர்க்கரையும் வந்தது. அவர் மிளகோடு அதைக் கலந்து சாப்பிட்டு, "உங்கள் நாடு தைரியமான நாடு," என்றார்.

பிரான்சில் ஒருவரைத் தேடினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கடலூரில் எல்லோரும் பதில் சொன்னார்கள். அதுதான் சிக்கல். ஓல்டு டவுனில் போட்டோவைப் பார்த்த ஒரு டீக்கடைக்காரர் இது தன் சகலை என்றார். அவர் பக்கத்தில் நின்றவர், "உன் சகல பினாங்குலதான இருந்தான்?" என்று சண்டைக்குப் போனார். கடைசியில் ஒரு பெரியவர், "பிரான்சு போனவருதான வேணும்? ஜமால் பாயைப் பாருங்க, மசூதிக்குப் பின்னாடி," என்று முடித்துவைத்தார்.

ஜமால் பாய் கதவைத் திறந்ததும் பலூஷ் அப்படியே நின்றுவிட்டார். அதே வயது, அதே நெற்றி. நான் வாயைத் திறப்பதற்குள் பலூஷ் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நான் தமிழில் பின்னாலேயே ஓடினேன்.

"முப்பது வருஷமா உங்க முதுகுல ஏறி நான் சம்பாதிச்சேன்னு சொல்றாரு. உங்க நடைய, உங்க குரல, உங்க வறுமைய வித்தேன்னு சொல்றாரு. ஒரு நாளும் உங்ககிட்ட கேக்கலன்னு சொல்றாரு. மன்னிச்சிருங்கன்னு சொல்றாரு."

பலூஷின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஜமால் பாய் அவரைத் தோளோடு அணைத்து முதுகைத் தட்டினார்.

"அழாதீங்க பாய். அல்லாஹ் பாத்துக்குவான். எம்மனசுல ஒண்ணுமே இல்ல. வுடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "யாரும்மா இவரு?" என்றார்.

அவர் பாரிஸில் இருந்தது நிஜம். ஆனால் இறைச்சிக் கடையில். ரோஜா விற்றதே இல்லை. பலூஷைப் பார்த்ததும் இல்லை. நான் இதைப் பிரெஞ்சில் சொன்னபோது பலூஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஒத்திகை," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கண்ணீரை நான் நம்பியிருந்தேன்.

ஜமால் பாய் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. "ஒரு மனுசன் எங்கிட்ட வந்து அழுதிருக்காரு, வெறும் வயித்தோட அனுப்புவனா?" என்றார். வஞ்சிர மீன் பிரியாணி. காரம் கொஞ்சம் ஜாஸ்தி என்று அவர் மனைவி உள்ளேயிருந்து எச்சரித்தார். சாப்பிடும்போது ஜமால் பாய் போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அட, இது நம்ம கலியமூர்த்தி! ஒரே ரூம்ல படுத்திருந்தோம். கடலூர்னு சொன்னாரா? நாங்கல்லாம் அப்படித்தான் சொல்லிக்குவோம், ஜில்லாப் பேரு. அவுரு சிதம்பரம். திரும்பி வந்து மாவு மில்லு வெச்சிருக்காரு."

பலூஷ் கையில் சோற்றுடன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அது வேறு எதுவாகவோ வந்தது.

மறுநாள் காலை எங்கள் வாடகைக் காரின் ஏசி வேலை செய்யவில்லை. சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். பலூஷ் பொறுக்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாரிஸில் மெட்ரோவில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். இங்கே பஸ் முழுவதும் அவரைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற அம்மா அவர் மடியில் தன் கூடையை வைத்தார், கேட்காமலே. உள்ளே முருங்கைக்காய். அவர் அதைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டார்.

குடிகாடு பக்கம் போகும்போது காற்றில் ரசாயனத் தொழிற்சாலைகளின் மருந்து நெடி. எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே முந்தானையையும் கர்ச்சீப்பையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். தாண்டியதும் அதே போலக் கீழே இறக்கினார்கள். பலூஷுக்கு அந்த ஒத்திசைவு பிடித்துவிட்டது. தானும் செய்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கண்டக்டரின் விசிலைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, விரலை வாயில் வைத்து அதே மாதிரி ஒரு விசில் அடித்தார். டிரைவர் பிரேக் போட்டார். நடு ரோட்டில் பஸ் நின்றது. பின்னால் ஒரு லாரி கத்தியது. கூடை சாய்ந்து முருங்கைக்காய் காலடியில் உருண்டது.

"யாருய்யா விசில் அடிச்சது?" என்று கண்டக்டர் வந்தார்.

ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பலூஷே கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க மேடம் இவர்கிட்ட. இது வெளையாட்டு இல்ல. அம்பது உசுரு இருக்குது. நான் அடிச்சா ஒரு அர்த்தம் இருக்கு. இவரு அடிச்சா இன்னா அர்த்தம்?"

மொழிபெயர்த்தேன். பலூஷ் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு முருங்கைக்காயாகப் பொறுக்கினார். சிதம்பரம் வரும்வரை அவர் யாரைப் போலவும் இல்லை.

கீழ வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது மாவு மில். வாசலில் மிளகாய் வாடை. கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவதை ஜமால் பாய் போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த அம்மா பலூஷைப் பார்த்தவுடன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாவு அரைக்க வந்திருந்த இரண்டு பெண்களும் அவரைப் பார்த்துவிட்டு, பலூஷைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அவருதான்! அதே மூஞ்சி!" என்று சிரித்தார்கள்.

ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்தவர் பலூஷ். ஆனால் தான் எதுவும் செய்யாமலே சிரிக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார். குனிந்து தன் பேன்ட் ஜிப்பைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மெஷின் நின்றது. புருவம் முழுக்க மாவோடு கலியமூர்த்தி வெளியே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கலியமூர்த்தி கையைத் துடைத்து நீட்டினார். "போன்ஸ்வார் மொசியே," என்று பழக்கத்தில் மாலை வணக்கம் சொன்னார். மணி பகல் பன்னிரண்டு.

அந்த அம்மாதான் விளக்கினார். அவர் கலியமூர்த்தியின் மனைவி. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எங்க வூட்டுல கல்யாணம் காது குத்துன்னா இவரு வெள்ளக்காரன் மாதிரி செஞ்சு காட்டுவாரு. பாரிசுல ஓட்டல்ல ஒருத்தன் தெனம் வருவானாம், அவன் எப்படி சாப்புடுவான், எப்படிப் பேசுவான்னு. எங்க சனத்துக்கே தெரியும். இப்ப ஆளே நேர்ல வந்ததும் தாங்கல." கணவரைத் தள்ளினார். "ஒருவாட்டி செஞ்சு காட்டு மாமா."

"சும்மா இரு. வந்தவர் எதிர்லயா?"

நான் பலூஷிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "பார்க்க வேண்டும்," என்றார்.

கலியமூர்த்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டை எடுத்துக் கழுத்தில் செருகினார். அவ்வளவுதான். அங்கே பலூஷ் இருந்தார். தண்ணீர் டம்ளரை ஒயினாக்கி முகர்ந்து முகம் சுளித்தார். இல்லாத சர்வரை விரலால் கூப்பிட்டு, அவன் வந்ததும் எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்தார். இல்லாத ரோஜாவை வாங்கி, மூக்கில் வைத்து, அதனிடம் ஏதோ நீளமாகப் பேசி, திருப்பிக் கொடுத்தார். வார்த்தை ஒன்றுகூடப் பிரெஞ்சு இல்லை. கண்ணை மூடினால் பலூஷ்தான். நான் சிரித்தேன். என்னால் அடக்க முடியவில்லை. என் மகனுக்காகவும் சேர்த்துச் சிரித்தேனோ என்னவோ.

"இப்ப அழுவாரு பாருங்க," என்றார் மனைவி.

கலியமூர்த்தி ஸ்டூலில் இருந்தபடியே பக்கத்தில் இல்லாத யாரோ ஒருவரின் சட்டைக் கையைப் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்து, உடம்பெல்லாம் ஆட விம்மினார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

பலூஷ் வெளுத்துப்போனார். என் காதருகே பேசினார். இந்தத் தடவை அந்தக் குரலில் யாரும் கலந்திருக்கவில்லை.

"அந்த அழுகை நடிப்பு இல்லைங்க," என்று நான் கலியமூர்த்தியிடம் சொன்னேன். "அன்னிக்குச் சாயங்காலம்தான் அவர் தம்பி சுரங்கத்துல செத்த சேதி வந்துச்சாம். வந்தப்புறமும் மேடையில ஏறி ரோஸ்-ரோஸ் பண்ணிட்டு வந்தாராம். யார்கிட்டயும் சொல்லல. உங்க சட்டையப் பிடிச்சுதான் அழுதாராம்."

சிரிப்பு நின்றது. கலியமூர்த்தி துண்டைக் கழுத்திலிருந்து எடுத்தார். "ஐயய்யோ. நான் தண்ணின்னுல்ல நெனச்சேன்," என்றார். "அவுரு பேசுனது எனக்கு வெளங்கல. குடிச்சிட்டுப் பொலம்புறாருன்னு... மன்னிச்சிக்கச் சொல்லும்மா."

"அப்பா, நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க."

வாசலில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப்போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். மகள் கயல்விழி. சிதம்பரம் கோர்ட்டில் வக்கீல். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் சிரித்த தடமே இல்லை.

"அந்த வீடியோவ நான் பாத்திருக்கேன்," என்று பலூஷைப் பார்த்துச் சொன்னார். "மூஞ்சில மை பூசிக்கிட்டு. எங்கப்பா உங்களமாதிரி செஞ்சது இந்த வூட்டுக்குள்ள. அதனால உங்கள யாராச்சும் ரோட்டுல நிறுத்திக் கிண்டல் பண்ணாங்களா? உங்க புள்ளைய பள்ளிக்கூடத்துல பேரு வெச்சுக் கூப்பிட்டாங்களா? ரெண்டும் ஒண்ணுன்னு கணக்க முடிச்சிட்டுப் போயிடாதீங்க."

பள்ளிக்கூடம் என்ற சொல்லைப் பிரெஞ்சில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பலூஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் பிள்ளையையுமா?" என்று கேட்டார். பாரிஸிலிருந்து கூடவே இருந்தும் அவர் என் வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் போன் அடித்தது. தயாரிப்பாளர். பலூஷ் எடுத்து, "வீடியோ இல்லை. யாரையும் கேட்கப்போவதும் இல்லை," என்று சொல்லி அணைத்தார். அணைப்பதற்குள் எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது. நிகழ்ச்சி அத்தோடு போயிற்று என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்வரை வேறு சேதி இல்லை.

பிறகு கயல்விழியிடம், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு ஒரு பேரு இருக்கு. ரோஸ்-ரோஸ் இல்ல. அதைச் சொல்லக் கத்துக்கச் சொல்லுங்க."

மில்லின் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இழுப்பு உடனே வந்துவிட்டது, பெயர் வரவில்லை. 'மூர்த்தி'யில் இருக்கும் 'ர்' அவர் தொண்டையில் போய்ச் சிக்கிக் காறித் துப்புவது போல் ஒலித்தது. அத்தனை மந்திரிகளைப் போலப் பேசியவர் வியர்த்துப்போனார். கலியமூர்த்திக்குத்தான் பாவமாக இருந்தது. "வுடும்மா. கலின்னு கூப்பிடட்டும்."

"முழுசா," என்றார் மகள். "இன்னொரு தடவ."

உள்ளே குக்கர் விசில் போனது. கத்தரிக்காய் கொத்சுவின் வாசனை மிளகாய் நெடியைத் தாண்டி வந்தது. மாவு வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பலூஷ் நாக்கை மேலண்ணத்தில் வைத்து, விட்டு, மறுபடி வைத்தார்.

"கலியமூர்த்தி," என்றார்.

சரியாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை. கலியமூர்த்தி மட்டும், கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வது போல, "ம், சொல்லுங்க," என்றார்.

பலூஷ் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு பிரெஞ்சில் ஒன்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"விக்காத பூவையெல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாரு."

கலியமூர்த்தி புருவத்து மாவைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ரூம்ல பத்துப் பன்னெண்டு பேரு படுத்திருப்போம். கதவு ஜன்னல் தெறக்க முடியாது, குளிரு. ஜமாலு கறிக்கடையில இருந்து வருவான், ஒருத்தன் மீன் கழுவிட்டு வருவான். பூவ எல்லாந் தலமாட்டுலயும் ஒண்ணு ஒண்ணு வெச்சிருவேன். தூக்கம் வரணும்ல."

நான் பிரெஞ்சில் சொன்னேன், மெதுவாக, எதையும் விடாமல். பலூஷ் அடுத்த கேள்வியைக் கேட்டார்.